அணுமின் நிலையமும் பதினான்கு ஜன்னல்களும்

இந்த வருடம் மாமியார் வீட்டு ஜன்னல் கதவுகளுக்கு பெயின்ட் அடிக்க மாட்டேன். உயிரே போனாலும் சரி! இந்தச் சபதத்தைக் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி எடுத்தேன்.

பிரான்சில், லுவார் நதிக்கரையில் அவர் வீடு. பதினான்கு ஜன்னல்கள், ஜன்னலுக்கு இரண்டு மரக் கதவுகள். எதிரே இருக்கும் அணுமின் நிலையத்துக்கே அத்தனை கதவு கிடையாது. ஈஸ்டர் விருந்தில், மூன்றாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு, மே மாதக் கடைசி சனிக்கிழமை ஏணி ஏறுவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன்.

அந்த நிலையமே என்னைக் காப்பாற்ற வந்தது. அதே சனிக்கிழமை குடும்பங்களுக்கு உள்ளே சுற்றிக் காட்டுகிறார்களாம்.

"ஒதில், எலொடிக்குப் பத்து வயசாச்சு. கரண்ட் எங்கேருந்து வருதுன்னு கேட்டா சுவத்துலேருந்துங்கறா. நம்ம பொண்ணுக்குப் படிப்பு வேணாமா?"

"உன்னைக் கேட்டா மட்டும்?" என்றாள் மனைவி.

"அதான் நானும் வரேன்! பேரு, அடையாள அட்டையெல்லாம் நீயே அனுப்பிடு. படிவத்துல எழுத்து பொடிப்பொடியா இருக்கு."

அனுப்பினாள். மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளிக்கிழமை மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா?"

"ஐயோ பாவம், முடியாதே! மூணு வாரம் முன்னாடியே பேரு குடுத்திருக்கணும். போலீஸ்ல விசாரிப்பாங்க."

"பேரு இல்லேன்னா யாருமே போக முடியாதா?"

"யாருமே!"

"சண்டை போட்டாலும்?"

"அது அணுமின் நிலையம், ஒதில். சந்தை இல்ல."

"நல்ல சட்டம்தான்," என்றாள். எலொடியும் தலையாட்டினாள்.

மறுநாள் ஒதில் கனமான பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்தாள். சாப்பாடு என்று நினைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே டிக்கியில் வைத்தேன்.

நிலைய வாசலில் மாமியார் நின்றிருந்தார். எப்போதும் செருப்புப் போடும் கால்களில் நிலைய விதிப்படி மூடிய காலணி, கையில் அடையாள அட்டை. காவலாளி பட்டியலை வாசித்தார். ஒதில். எலொடி. அடுத்தது மாமியார் பெயர். அவ்வளவுதான்.

"என் பேரு?"

"இல்லையே, ஐயா."

"நான் இவளோட புருஷன்!"

"அதுக்குப் படிவத்துல இடமில்ல, ஐயா."

"அதெப்படி?" என்று கத்தினேன்.

எலொடி என் கையைப் பிடித்தாள். "அப்பா, இது சந்தை இல்ல."

ஒதில் மாமியார் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். "நீல பெயின்ட் டிக்கியில இருக்கு. ஏணி கொட்டகையில."

நான் ஒன்பதாவது ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தபோது மூவரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"அருமையா இருந்தது மாப்பிள்ளை!" என்றார் மாமியார். "வெளிய வரும்போது உடம்புல ஏதாவது ஒட்டியிருக்கான்னு மெஷின்ல நிக்கவச்சுப் பாத்தாங்க. நாங்க மூணு பேரும் சுத்தம்." பிறகு தலை முதல் கால் வரை நீலமாக நின்ற என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தோத்துட்டேன், ஒதில்," என்றேன். "இப்பவே பேரு குடுத்துட்டு, மூணு வாரம் கழிச்சாவது நான் போய்ப் பாக்கறேன்."

"அன்னிக்கு ரெண்டாவது பூச்சு, அர்மோன். அந்தப் பட்டியல்ல உன் பேரு மட்டும்தான் இருக்கு."