முதல் வாயிலின் பிணைப்பு

ஐந்து கோட்டை வாயில்களுடைய ஒரு நாட்டில் நான்கு வாயில்களே இருந்தன. முதல் வாயிலைப் போன மழையில் ஆறு கொண்டுபோய்விட்டது. ஆனால் அது அரசர் தம் கையால் திறந்துவைத்த வாயில். எனவே பிணைப்பேட்டில் அது அப்படியே நின்றது.

எந்த வாயிலோடு எந்த ஊர் பிணைந்தது, எந்த வாயிலை முதலில் நாடவேண்டும் என்று சொல்வது அந்த ஏடு. எழுதிக் காத்தவள் அஞ்சுகம். வெளியே போகும் எந்த ஓலையும் முதல் வாயிலுக்குத்தான் முதலில் போகவேண்டும். அங்கே மறுத்தால்தான் அடுத்தது. இல்லாத வாயில் யாரை மறுக்கும்? ஓலைகள் ஆற்றங்கரையில் குவிந்தன.

மக்கள் முறையிட்டார்கள். 'மறுக்காத வாயில் ஏற்றுக்கொண்ட வாயில்' என்று ஆணை பிறந்தது. குவிந்தவை எல்லாம் போய்ச் சேர்ந்தவை ஆயின. அதன் பிறகும் முணுமுணுத்தவர்களுக்கு மற்றோர் ஆணை: வாயில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பவர் வைத்தியரிடம் சான்று வாங்கி வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை அணை திறக்கப்படும் என்று கீழ்க்கரைக்கு எழுதிய எச்சரிக்கையும் அந்தக் குவியலில் கிடந்தது. அஞ்சுகம் பிறந்த ஊர் அது. அவள் தங்கை பொன்னரி அங்கேதான் இருந்தாள். அஞ்சலாள் அல்லாதவர் செய்தி கொண்டுபோனால் தலை போகும்.

"ஐயா, கீழ்க்கரை ஓலை இன்னும் போகலீங்க" என்றாள் பேரமைச்சர் வச்சிரபாகுவிடம்.

"சேர்ந்துட்டதுன்னு ஏட்டுல இருக்கே. எழுதினவளே நீதானேம்மா!"

துணையமைச்சர் சிரித்தார். "தன் கையெழுத்தையே நம்பாத பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

"அந்த வாயில ஏட்டுலேர்ந்து அடிச்சிடலாங்களா?"

"நான் அடிக்கச் சொல்லல" என்றார் பேரமைச்சர், ஜன்னலைப் பார்த்தபடி. "அடிக்காதேன்னும் சொல்லல."

அவளால் உட்கார முடியவில்லை. மசிக்கூட்டைத் திறந்தாள், மூடினாள். ஆள்கிறவர்கள் அவர்கள், நான் எழுதுகிறவள்தானே என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்ட சமாதானம் இன்று உள்ளே ஒட்டவில்லை. 'சேர்ந்தது' என்ற அந்த வரியின் ஒவ்வொரு சுழியும் அவள் சுழித்தது. நடுப்பகலில், முதல் வாயிலின் மேல் ஒரே கோடு கிழித்தாள்.

ஓலைகள் முதலில் நாடும் வாயில் இரண்டாம் வாயிலானது. அஞ்சலாள் குதிரை ஏறினான். வியாழன் மாலைக்குள் கீழ்க்கரை முழுவதும் மூட்டை முடிச்சோடு கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

காவலன் ஏட்டைப் புரட்டினான். "உங்க ஊரு எந்த வாயிலு?"

"முதல் வாயில்."

"அப்படி ஒண்ணு இல்லையே. அதோட பிணைச்ச ஊரும் இல்ல. தள்ளி நில்லுங்க."

"அக்கா!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து பொன்னரி கத்தினாள். "நாங்க இருக்கோம்னு சொல்லுக்கா!"

அஞ்சுகம் ஓடிவந்தபோது பேரமைச்சர் பொன்னாடையோடு வழிமறித்தார்.

"இந்த ஊரைத் தள்ளிவைக்க மூணு வருஷமா வழி தேடினோம்மா. ஊர் மொத்தமும் நமக்கு எதிரா கை தூக்குற ஊரு. அடுத்த மாசம் தேர்தல். யாரையும் நாங்க நீக்கல பாத்தியா? ஏட்டைத் திருத்தினதோட சரி."

அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவள் ஏட்டைப் பிடுங்கக் கை நீட்டினாள். காவலன் மரியாதையாகத் தடுத்தான்.

"ஏட்டைத் தொடணும்னா ஊர் சொல்லணும்மா. நீங்க எந்த ஊரு?"

"கீழ்க்கரை."

அவன் இருமுறை தேடினான். பிறகு கதவைத் திறந்து, அவளை வெளியே அனுப்பினான். பொன்னாடையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டான். அது அரண்மனைப் பட்டியலில் இருந்தது.