கோர்ட்டுக்குள் லெட்சுமி

கழுத்தில் விசில் தொங்கும் ஆளுக்குத் தன்னைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் வந்துவிடும். ஊதினால் உலகமே நிற்கும் என்கிற எண்ணம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த புதிதில், கேன்டீனில் வரிசை கோணலாக இருந்தால்கூட ஊதுவேன். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ் என்னை விட்டுவிட்டுக் கிளம்பியபோது ஊதினேன். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அப்போதே திருந்தியிருக்க வேண்டும். (திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.)

எங்கள் கல்லூரிப் பெண்கள் அப்போது ஷட்டில் ஆடியது திறந்தவெளியில். ஆனி, ஆடி மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றில் ஷட்டில் ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். இந்தப் பக்கம் அடித்த பந்து அந்தப் பக்கம் போகாது. காம்பவுண்டைத் தாண்டி, அடுத்த வீட்டு மொட்டைமாடியில் காயும் வத்தலில் போய் விழும். அந்த வீட்டு அம்மா வத்தலோடு சேர்த்து அதையும் புரட்டிப் போட்டுக் காயவைத்து, சாயங்காலம் திருப்பித் தருவார். காற்றைவிடப் பெரிய தொல்லை காம்பவுண்டுச் சுவர். மாலையானால் ஊரில் சோலி இல்லாத இளவட்டம் பூராவும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லும்.

அந்த வர்ணனைதான் செல்விக்கு வினையாக வந்தது. செல்வி பி.காம். இரண்டாம் ஆண்டு, இடதுகைக்காரி, எங்கள் டீமில் முதல் ஆள். அவளுடைய அப்பா மாடசாமி அண்ணாச்சிக்குக் கரிவலம்வந்தநல்லூரில் பால் வியாபாரம். ஒருநாள் பால் கேனோடு பைக்கில் வந்தவர், சுவர்மேல் இருந்த கூட்டத்தைப் பார்த்து, அது சொன்ன வர்ணனையையும் கேட்டுவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"மிஸ், இப்பிடி ஊரே வேடிக்கை பாக்க எம்புள்ள ஆடுதது எனக்குப் பிடிக்கல. நாலு சுவருக்குள்ள ஆடுனா ஆடட்டும், வேண்டாங்கல. உள்ள ஆட எடம் கட்டுதீங்கன்னா சொல்லுங்க, அனுப்புதேன். இல்லன்னா இந்த வருசத்தோட நிப்பாட்டிருதேன்."

செல்வி அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள். அழவில்லை. ராக்கெட் பிடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பிரித்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கட்டுதோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். (கட்டுவதாக அதுவரை யாருமே சொல்லவில்லை.)

மறுநாளிலிருந்து கரஸ்பாண்டென்ட் அறை வாசலில் தவம் கிடந்தேன். அவர் தங்கமான மனிதர். ஜவுளிக்கடை முதலாளி. நான் நச்சரித்த நச்சரிப்பில், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் அதுவரை கட்டியதெல்லாம் கல்யாண மண்டபம். முதல் வரைபடத்திலேயே ஒரு மணமேடை இருந்தது. "சாப்பாட்டு ஹால் எங்கனம்மா வருது?" என்று கேட்டார். கூரை உயரமாக வேண்டும் என்றேன். "எதுக்கு? பந்து என்ன மொட்டைமாடிக்கா போகப்போவுது?" என்றார். "இப்போ அங்கதான் சார் போவுது" என்றேன். கூரை உயர்ந்தது. மணமேடை மட்டும் நின்றுவிட்டது, பரிசு கொடுக்க ஆகும் என்று.

ஊருக்குள் செய்தி வேறு மாதிரி பரவியது. காலேஜில் கோர்ட்டு கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட டீக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "ஏற்கெனவே ஊர்ல கோர்ட்டு இருக்கே மிஸ், அங்கன வாய்தா வாங்கியே செருப்பு தேயுது, இன்னொண்ணு எதுக்கு?" என்று கவலைப்பட்டார்.

கடைசியில் தரை வந்தது. பச்சை நிற சிந்தெடிக் விரிப்பு, லாரியில் சுருள் சுருளாக. அதை விரித்து ஒட்டி, வெள்ளைக் கோடுகளோடு பார்த்த அன்று, எனக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷம். (எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.) வாசலில் போர்டு வைத்தேன்: கோர்ட்டுக்குள் உள்ளரங்க ஷூ தவிர வேறு காலணி கூடாது, தண்ணீர் கூடாது, தின்பண்டம் கூடாது. பிரின்சிபாலே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஓரமாக நின்று பயபக்தியோடு பார்த்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இரண்டு மாணவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திறப்பு விழாவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விளையாட்டு அதிகாரி வருவதாக ஏற்பாடு. தரை அவருக்குப் பிடித்தால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை இங்கேயே நடத்தலாம். செல்வி சொந்தக் கல்லூரியில், நாலு சுவருக்குள், அப்பா கண் முன்னால் ஆடலாம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார்.

"புதுக் கட்டடம்மா. மொதல்ல பசு நொழையணும். மாடசாமிட்ட சொல்லிட்டேன்."

"சார், அது வீட்டுக்குத்தான் சார். இது கோர்ட்டு."

"மண்டபத்துக்கே கூட்டிட்டுப் போனோமே!"

அவரிடம் பேசிப் பயனில்லை என்று மாடசாமி அண்ணாச்சியைப் பிடித்தேன். அவருடைய பசு லெட்சுமி சாதாரணப் பசு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுத்துப்பட்டில் எந்தப் புது வீடு என்றாலும் லெட்சுமிதான் முதலில் நுழையுமாம். நுழைந்த இடத்தில் பசு கோமியம் விட்டால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். மற்ற மாடுகள் ஐயர் எவ்வளவு மந்திரம் சொன்னாலும் மனம் இரங்காது. லெட்சுமி இரங்கும்.

"நான் ஒரு சீட்டி அடிச்சாப் போதும் மிஸ். டக்குனு விட்டுரும். கன்னுக்குட்டியா இருக்கையிலேயே பழக்கினது."

"அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுதேன். அன்னைக்கு மட்டும் சீட்டியே அடிக்காதீங்க. அது வாசல்ல நின்னாப் போதும்."

"எம்மேல நம்பிக்கை இல்லியா? சீட்டி கேக்காம எங்க லெட்சுமி ஒரு சொட்டு விடாது."

எனக்கு நிம்மதி. என் கழுத்தில் என்ன தொங்குகிறது என்பதை நான் கொஞ்சம் குனிந்து பார்த்திருக்கலாம்.

விழா நாள். மேடையில் நாற்காலிகள், வாசலிலிருந்து மேடைவரை சுவரோரமாகச் சிவப்புக் கம்பளம், தட்டில் அதிகாரிக்குப் போர்த்தப் பொன்னாடை. செல்வி டீம் உடுப்பும் புது ஷூவும் போட்டு, காட்சி ஆட்டத்துக்குத் தயாராக நின்றாள். லெட்சுமி நெற்றியில் குங்குமம், கொம்பில் பூச்சரத்தோடு வாசலுக்கு வந்தது. சொன்ன சொல் தவறாமல் அண்ணாச்சி அதை நிலைப்படியிலேயே நிறுத்தினார்.

"என்னவே மாடசாமி, வாசல்ல நிக்கதுக்கா கூட்டியாந்தீரு? உள்ள விடும்வே!" என்றார் கரஸ்பாண்டென்ட்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கயிற்றைத் தளர்த்திவிட்டார். லெட்சுமிக்குக் கம்பளம் பிடிக்கவில்லை. பச்சையாகத் தெரிந்த பக்கம் திரும்பியது. (அதன் மேல் குற்றமில்லை. பச்சையாக விரித்தால் மாடு என்ன நினைக்கும்?) என் தரைமேல் குளம்புகள் டக் டக்கென்று நடந்து, நட்டநடு கோர்ட்டுக்குப் போய்விட்டன. லெட்சுமி குனிந்து ஒரு வெள்ளைக் கோட்டை நக்கிப் பார்த்தது.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யோசிக்கவில்லை. விசிலை எடுத்து, நுரையீரலில் இருந்த காற்று அத்தனையையும் சேர்த்து ஊதினேன்.

லெட்சுமி நின்றது. வாலைத் தூக்கியது.

அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். "ஆகா, சகுனத்தப் பாரு!" என்று கரஸ்பாண்டென்ட் எழுந்து நின்று கும்பிட்டார். ஆசிரியைகள் குலவை போட்டார்கள். நான் கத்திக்கொண்டே ஓடினேன், கையில் அகப்பட்ட துணியைப் பிடுங்கிக்கொண்டு. அது பொன்னாடை. பாய்ந்த வேகத்தில் கால் வழுக்கி, பொன்னாடையோடு வலைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்து, மேடைக்குக் கீழே நின்றிருந்த அதிகாரியின் காலடியில் போய்க் கிடந்தேன். அவர் பதறிப்போய் வணக்கம் சொன்னார். படுத்தபடியே நானும் வணக்கம் சொன்னேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு சட்டென்று எல்லாரும் அடங்கிவிட்டார்கள். நான் போட்ட கூச்சலில் லெட்சுமி மிரண்டு திரும்ப முயன்று, ஈரத்தில் பின்னங்கால்கள் இரண்டும் விலகி, நடுங்கிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் அசைந்தால் விழும். அப்படி விழுந்த மாட்டின் இடுப்பு திரும்பச் சேராது. "எம்மா லெட்சுமி!" என்று வெறுங்காலோடு ஓடிவந்த அண்ணாச்சி பாதி தூரத்திலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கப் போனார், திரும்ப வழுக்கினார். மாடும் போய், மகளுடைய ஆட்டமும் போய், ஊரில் என் பெயரும் போகப்போகிறது என்று நினைத்தேன். பெயர் போவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ராக்கெட் துணியைப் பிரித்துச் சுற்றிய அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

அப்போது செல்வி உள்ளே வந்தாள். ஓடவில்லை, கத்தவும் இல்லை. சிவப்புக் கம்பளத்தின் நுனியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, மாட்டின் முன்னால் விரித்தாள். புது ஷூ அந்த ஈரத்திலும் தரையைக் கவ்விப் பிடித்தது. லெட்சுமியின் கழுத்தில் தோளைக் கொடுத்து, "வாட்டி, வா, ஒண்ணுமில்ல" என்று காதில் சொல்லிக்கொண்டே இடதுகையால் கயிற்றை இழுத்தாள். லெட்சுமி ஒரு காலைக் கம்பளத்தில் வைத்தது. அப்புறம் அடுத்த காலை. அப்படியே இருவரும் சிவப்புக் கம்பளத்தின்மேல் நடந்து வாசலுக்குப் போனார்கள். கைதட்டல் கூரையில் முட்டியது. ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த பழைய காம்பவுண்டுச் சுவர்க் கூட்டம்தான் அதிகம் தட்டியது.

அதிகாரி கீழே குனிந்து என்னிடம் கேட்டார்: "எல்லாரும் விழுந்துட்டீங்க. விழாம நின்ன அந்தப் பொண்ணு உங்க டீமா?"

"ஆமா சார்."

"கோர்ட்ட நல்லாக் கழுவிக் காயப் போடுங்க. மேட்ச் இங்கனயே வச்சுக்கிடலாம். அந்தப் பொண்ணு ஆடுதத நான் பாக்கணும்."

பொன்னாடையை அவருக்குப் போர்த்த முடியவில்லை.

மாடசாமி அண்ணாச்சியிடம் எப்படி முகத்தைக் காட்டுவது என்று தெரியாமல் வாசலுக்குப் போனேன். அவர் லெட்சுமியின் பின்னங்கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் சொன்னேனா இல்லியா? சீட்டி கேக்காம விடாதுன்னு."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஊரே பாக்கும்படி ஆயிட்டு. செல்விய இனிமே நீங்க..."

அவர் நிமிர்ந்து, ஜன்னலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மகளுடைய கால்களைப் பார்த்தார்.

"பாக்கட்டும் மிஸ்" என்றார். "நானே விழுந்தேன். எம்மவ விழலல்லா?"

அதன்பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன், விசில் ஊதுவதைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டேன். ஆனால் நான் விழுந்த வீடியோ யார் யாருடைய போன் வழியாகவோ என் மாமியார் வீட்டுக்கு எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இன்றும் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "போக வேண்டியவங்கல்லாம் ஒரு நடை போய்ட்டு வந்துருங்க" என்பார். என் மகன் நிஜமாகவே எழுந்து போவான்.

செல்வி இப்போது அதே கோர்ட்டில் பயிற்சி கொடுக்கிறாள். அவள் ஆடும் நாளில் முன்வரிசையில் மாடசாமி அண்ணாச்சி உட்கார்ந்து, சுவர்க் கூட்டத்தைவிடச் சத்தமாக வர்ணனை சொல்கிறார். ஆட்டம் தொடங்க நான் விசிலை வாய்க்குக் கொண்டு போகும்போது மட்டும், எல்லாரும் கேட்கும்படி ஒரு குரல் வரும்:

"மிஸ், தாராளமா ஊதுங்க. லெட்சுமிய வெளியதான் கெட்டியிருக்கு!"