நிக்தோபன் வம்சத்தின் தோற்றமும் பரவலும்

நோர்வே நாட்டில் ஒரு மனிதன் குளிரைத் தாங்கலாம், இருட்டைத் தாங்கலாம், அந்தப் பழுப்பு நிறப் பாற்கட்டியைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடலாம். குடும்பப்பெயர் இல்லாமல் மட்டும் இருக்க முடியாது. அரசு அதை அனுமதிப்பதில்லை. தமிழர்களோ அப்பாவின் பெயரைத் தங்கள் பெயரோடு மாட்டிக்கொண்டு, அடுத்த தலைமுறை வந்ததும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி வாழ்ந்து பழகியவர்கள். இந்த ஒழுங்கீனத்தைக் கண்டு மனம் நொந்த அரசு, அவரவர் கடவுச்சீட்டில் கடைசியாக எந்தப் பெயர் கிடந்ததோ அதுவே குடும்பப்பெயர் என்று எழுதிப் பிரச்சினையைச் சுமுகமாகத் தீர்த்துவைத்தது.

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் வசிக்கும் ரிசாந்துக்கு இப்படி வாய்த்த குடும்பப்பெயர் சந்திரகுமார். அது அவனுடைய அப்பாவின் சொந்தப் பெயர். ரிசாந் இங்கேயே பிறந்து, இங்கேயே பொருளியலில் முதுகலை முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்துப்போயிருந்தான். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வரும். "தகுதிவாய்ந்த பலர் விண்ணப்பித்திருந்தமையால், இம்முறை தங்களைத் தெரிவுசெய்ய இயலவில்லை." அந்த வசனத்தை அவன் நித்திரையிலும் பிழையில்லாமல் சொல்லுவான்.

அவன் கல்யாணம் கட்ட இருந்தவள் எமிலியா, அதே ஒஸ்லோவின் ஹொல்ம்லியாக்காரி. பல்கலைக்கழகத்தில் அவனுடைய குறிப்புகளைப் பார்த்துத்தான் படித்தவள், புள்ளியும் அவனைவிடக் குறைவு. ஆனால் அவளை எல்லாரும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏனென்றால் அவளுடைய குடும்பப்பெயர் நிக்ட்ஹோபன்.

"ஜெர்மன் பெயர் அல்லவா? உங்கள் ஆட்கள் எந்தப் பக்கம்?" என்று ஒரு நேர்முகத்தில் கேட்டார்களாம்.

"மன்னார்."

"ஓ. அது வடக்கிலா?"

"வடக்கேதான்," என்றாள் எமிலியா. வேலை கிடைத்துவிட்டது.

ரிசாந் வீட்டில் வந்து வெடித்தான். "அப்பா, அவங்கள் என்ரை சோக்னாட்டைத் திறந்தே பாக்கிறேல்லை!"

சோக்னாட் என்றால் விண்ணப்பம். சந்திரகுமாருக்கு அது விளங்கும். ஒஸ்லோவில் முப்பது வருடம் சமையலறைகளில் பானை கழுவினாலும், அதற்கு முன்னர் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர் அவர். அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை.

"எப்பிடித் திறப்பாங்கள்? கச்சேரியிலை இருந்த எனக்குத் தெரியாதே? கடிதம் வந்தா முதல் உறையிலை பேரைப் பாக்கோணும். தெரிஞ்ச பேரெண்டா மேலை. தெரியாத பேரெண்டா அடியிலை. அடியிலை வைச்சதை நான் ஒருநாளும் மேலை எடுத்ததில்லை. அதுதான் நிர்வாகம்."

ரிசாந் அந்த இரவே முடிவெடுத்தான். கல்யாணத்தோடு எமிலியாவின் பெயரைத் தான் எடுப்பது.

அவன் சைவம், அவள் வேதம், அதாவது கத்தோலிக்கம். அதற்காக இரண்டு வீட்டிலும் நடந்த சண்டை அப்போதுதான் அடங்கியிருந்தது. சந்திரகுமார் மறுபடி எழும்பினார். "பொம்பிளை எடுக்கிற வீட்டிலை பேரையும் எடுக்கிறதோ? நாளைக்கு ஊருலகம் என்னை என்னெண்டு கேக்கும்?" மூன்று நாள் மகனோடு கதைக்கவில்லை.

விண்ணப்பம் 'அரிய குடும்பப்பெயர்ப் பாதுகாப்புப் பிரிவு' என்ற அலுவலகத்துக்குப் போனது. இருநூறு பேருக்கு மேற்படாதவர்கள் வைத்திருக்கும் பெயர் அரிய பெயர். அது பாதுகாக்கப்பட்ட பறவை மாதிரி. கண்டவர்கள் தொட முடியாது. மனைவியின் பெயரைக் கணவன் எடுக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் அரிய பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அதன் தோற்றத்தையும் பரவலையும் ஆராய்ந்து அறிக்கையிடுவது பிரிவின் கடமை. பிரிவின் தலைவி சோல்வெய்க், கடமை தவறாத பெண்மணி. எமிலியாவின் தகப்பனாரை அழைத்தார். மொழி உதவிக்கு ரிசாந் கூடப் போனான்.

எமிலியாவின் தகப்பனாரின் பெயர்தான் நிக்தோபன். மன்னாரில் பிறந்து, அகதியாக வந்து, நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய மனுசன். அவர் வந்து இறங்கியபோது எழுதியவர்கள் அவருடைய அப்பா அருட்பிரகாசத்தின் பெயரை முதற்பெயர் ஆக்கி, அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கி, அதற்கு நடுவில் ஒரு 'ஹோ'வையும் செருகிவிட்டார்கள். மீன் தொழிற்சாலையில் "அருள், அந்தப் பெட்டியைத் தூக்கு" என்று யாராவது கத்தினால், செத்துப்போன அப்பாவை ஏன் இன்னும் வேலை வாங்குகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார்.

"நிக்ட்ஹோபன் என்பது உங்கள் குடும்பத்தின் பெயரா?" என்று சோல்வெய்க் கேட்டார்.

"இல்லை. என்ரை பேர்."

"அப்படியானால் குடும்பத்தின் பெயர்?"

"குடும்பத்துக்குப் பேர் இல்லை."

சோல்வெய்க் பேனாவைக் கீழே வைத்தார். "அது சாத்தியமில்லை. அப்படி எழுத இங்கே இடமில்லை."

"அப்ப உங்கடை விருப்பப்படி எழுதுங்கோ."

"இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?"

"அது ஒரு புனிதற்றை பேர். எங்கடை கோயிலிலை பெரிய எழுத்திலை எழுதிக் கிடந்தது. ஜெர்மனியிலையிருந்து கப்பலிலை வந்த புனிதர். அம்மாவுக்குக் கனகாலம் பிள்ளையில்லை. அவருக்கு நேர்த்தி வைச்சுத்தான் நான் பிறந்தனான்."

சோல்வெய்க்கின் கண்கள் விரிந்தன. 'குடும்பத்தின் பெயர் பொறித்த தேவாலயம் இருந்துள்ளது' என்று எழுதினார். ரிசாந் வாயைத் திறந்தான். பிறகு தன் விண்ணப்பங்களை நினைத்துக்கொண்டு மூடிவிட்டான்.

அறிக்கை வந்தது. 'ஹோபன்' என்றால் பண்ணைமனைகள். 'நிக்ட்' என்பது நிக்கொலஸ் என்பதன் சிதைவாக இருக்கலாம், அல்லது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பரவலைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் இப்பெயருடையோர் ஒருவரும் இல்லை. இதுவே இப்பெயர் எத்துணை அரியது என்பதற்குத் தலையாய சான்று. வம்சம் முழுவதும், அறியப்படாத ஒரு காலத்தில், மன்னார் வழியாக ஹம்மர்பெஸ்டுக்கும், அங்கிருந்து ஹொல்ம்லியாவுக்கும் இடம்பெயர்ந்துள்ளது. வெயில் மிகுந்த மன்னாரில் தங்கியமையால் தோற்றத்தில் சில மாறுதல்கள் ஏற்பட்டுள்ளன.

கல்யாணம் முடிந்தது. ரிசாந் நிக்ட்ஹோபன் போட்ட முதல் விண்ணப்பத்துக்கே அழைப்பு வந்தது. ரிசாந் சந்திரகுமாரை நாலு தடவை திருப்பியனுப்பிய அதே கம்பனி. "நிக்ட்ஹோபன்! பழைய குடும்பம்!" என்று முகாமையாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஆட்சேர்ப்புப் பிரிவில் வேலை. வருகிற விண்ணப்பங்களைத் தரம்பிரிப்பது.

அவ்வளவுதான், ஒஸ்லோத் தமிழ்ச் சமூகம் தீப்பிடித்தது. பிள்ளைகளைப் பியானோவுக்கு விடுவது, சமையலறையை வெள்ளைக்கு மாற்றுவது எல்லாம் பழைய நாகரிகமாயின. நிக்ட்ஹோபன் ஆவதுதான் புது நாகரிகம். மற்றவர்கள் இந்தப் பெயரை எடுப்பதானால், ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லாரும் நிக்தோபன் வீட்டுக்கு மட்டன் ரோல்ஸோடு வந்தார்கள். அவர் இளகிய மனசுக்காரர். "பேர்தானே, கொண்டுபோங்கோ," என்று எல்லாருக்கும் கையெழுத்து வைத்தார்.

சிக்கல் என்னவென்றால், புதிதாக வந்த ஒவ்வொரு நிக்ட்ஹோபனும் அடுத்த நிக்ட்ஹோபனுக்குச் சம்மதம் கொடுக்க வேண்டும். நூறாவது ஆள் வந்தபோது அவருக்காகத் தொண்ணூற்றொன்பது பேர் கையெழுத்திட வேண்டியிருந்தது. கடைசியில் சனிக்கிழமைகளில் மண்டபம் எடுத்து, தேத்தண்ணியும் வடையும் வைத்து, வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். நேற்று ஆனவர் இன்றைக்கு வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ட கண்ட ஆக்களையும் சேத்தா வம்சத்தின்ரை மரியாதை என்னாகிறது?" என்று சிவநாயகி நிக்ட்ஹோபன் கேட்டார். அவர் வம்சத்தில் சேர்ந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த ஒருவர் மட்டும் தயங்கினார். "ஏங்க, எங்க ஊர்ல அப்பா பேரு முன்னாடி வரும். நாங்க இதை இனிஷியலா போட்டுக்கலாங்களா?"

"அதுக்கு உங்கடை ஆக்கள் தனிய ஒரு புனிதரைப் பாருங்கோ," என்றது வம்சம்.

ஒரு சனிக்கிழமை வரிசையில் சந்திரகுமாரும் நின்றார். ரிசாந்துக்குத் தலை சுற்றியது. சம்பந்தியின் பெயரை மகன் எடுத்து, மகனின் பெயரை இப்போது அப்பா எடுக்கிறார்.

"அப்பா, ஊருலகம் கேக்குமெண்டியள்?"

"ஊருலகம் எனக்கு முன்னுக்கு நிக்குது, பார்," என்று வரிசையைக் காட்டினார் சந்திரகுமார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒருக்கா கச்சேரியிலை இருந்தமாதிரிக் கந்தோரிலை கதிரையிலை இருந்துபோட்டுச் சாகோணும், தம்பி. பானை கழுவினது காணும்."

இருநூறு தாண்டியது. பெயர் இனி எல்லாருக்கும் பொது. அழிவின் விளிம்பிலிருந்த பெயர் ஒன்று மீட்கப்பட்டது என்று சோல்வெய்க் அறிவித்து, விழா எடுத்து, ஜெர்மனியிலிருந்து பெயராய்வுப் பேராசிரியை ஒருவரை வரவழைத்தார். வம்சத்தின் பழம்பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டதற்கு, நிக்தோபன் தன் வீட்டுச் சுவாமித்தட்டில் மெழுகுதிரிக்குப் பின்னால் வைத்திருந்த பலகையைக் கொண்டுவந்தார். புனிதரின் பெயர் எழுதிய பலகை.

மண்டபம் நிறைந்த நிக்ட்ஹோபன்கள் எழுந்து நிற்க, சோல்வெய்க் பட்டுத்துணியை விலக்கினார். கறுத்த பலகையில் பெரிய எழுத்துகள். பேராசிரியை கிட்ட வந்து வாசித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு கதிரையில் உட்கார்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நிக்ட் ஒஃப்னன்," என்றார். "இது பெயர் இல்லை. 'திறக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. இது பெட்டிப் பலகை."

நிக்தோபன் மெல்ல எழும்பினார்.

"ஓம், பெட்டிதான். கப்பலிலை வந்து கோயிலிலை இறக்கினது. பங்குச் சுவாமி மாறிப்போட்டார், புதுச் சுவாமிக்கு அதைப் பற்றித் தெரியாது. உபதேசியார்தான் எழுத்துக்கூட்டி வாசிச்சவர். புனிதற்றை பேரெண்டு சனம் மெழுகுதிரி கொழுத்தினது."

"உள்ளே என்ன இருந்தது?" என்று பேராசிரியை கேட்டார்.

"புனிதரை ஆராவது திறப்பினமோ? பிறகு கறையான் அரிச்சு அது தானாய் விழுந்தது. உள்ளுக்கை ஒரு ஆர்மோனியத்தின்ரை மிச்சம் இருந்ததாம்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் பிறந்தனான்தானே?"

சோல்வெய்க் மட்டும் தடுமாறவில்லை. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார். 'பெயரின் பொருள்: திறக்க வேண்டாம். மன்னாரில் இவ்வறிவுறுத்தல் முறையாகப் பின்பற்றப்பட்டுள்ளது.' பழைய பெயருக்கே திரும்பலாமா என்று கேட்டு ஓடிவந்தவர்களிடம், பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் பெயர் மாற்றலாம் என்று அன்போடு விளக்கினார்.

திங்கட்கிழமை முகாமையாளர் ரிசாந்தின் மேசைக்கு வந்தார். "இந்த நிக்ட்ஹோபன்கள் எத்தனை பேர்? எந்த வேலைக்கும் ஒரு கட்டு வருகிறது. ஏதோ மோசடி போலிருக்கிறது. பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடு, திறந்து மினக்கெடாதே."

"நானும் நிக்ட்ஹோபன்தானே?"

"நீ வேறு. நீ பழைய குடும்பம்."

அவர் போனபிறகு ரிசாந்துக்கு ஒரு யோசனை வந்தது. கணினியில் சந்திரகுமார் என்ற பெயரைத் தேடினான். அவனுடைய நாலு விண்ணப்பங்களும் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'திறக்கப்படவில்லை' என்று இருந்தது. ஜெர்மன் தெரியாமலே இவர்களும் அந்தப் பலகையை வாசித்திருக்கிறார்கள்.

பிறகு அன்றைய கட்டுக்குத் திரும்பினான். ஆவணக் காப்பறைக்கு ஒரு எழுதுவினைஞர் தேவை. விண்ணப்பித்தவர்களில் ஒரு பெயர், சந்திரகுமார் நிக்ட்ஹோபன்.

திறக்கலாம். திறந்தால் ஏன் திறந்தாய் என்று கேட்பார்கள். பழைய குடும்பம் எவ்வளவு பழையது என்று கேட்பார்கள். அவனுக்கு வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எல்லா நிக்ட்ஹோபன்களையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, நித்திரையிலும் தெரிந்த அந்த வசனத்தை அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட்லியில் சாப்பாட்டு மேசையில் சந்திரகுமார் கடிதத்தை எடுத்து வைத்தார்.

"தகுதிவாய்ந்த பலர் விண்ணப்பிச்சவையாம். கீழை கையெழுத்து நிக்ட்ஹோபன் எண்டு கிடக்கு. நீயோ?"

"ஓம், அப்பா."

"திறந்து பாத்தனியோ?"

ரிசாந்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை. பேரைப் பாத்து அடியிலை வைச்சனான்."

சந்திரகுமார் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அடியிலை வைச்சதை மேலை எடுக்கக்கூடாது," என்றார். "அதுதான் நிர்வாகம்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.