குர்பான் ஆடும் மூணு நாட்டு நெட்டும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். வண்ணாத்திவில்லுக்குப் போய் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு ஒரு ஆடு வாங்கி வாறது.

ஆடு, துபாய்ல இருக்கிற, என்னோட கூடப்பிறந்த மூத்த காக்காட பேர்ல. "கண்ணால பாக்காம எடுக்க வேணாம். வீடியோ கோல்ல காட்டு" எண்டார். லண்டன்ல இருக்கிற தங்கச்சிட மாப்பிள்ளையும் "நானும் பாக்கிறேன் மச்சான்" எண்டு கோலுக்குள்ள வந்தார். அவருக்கு ஆட்டுல பங்கில்ல. கதையில மட்டும் பங்கு.

"இங்க நெட் பறக்கும்டா" எண்டார் காக்கா. "ஆனா வழமையான ஆப்புல கோல் எடுக்க விடமாட்டாங்க. வேற ஆப் ஒண்டு இறக்கு."

பறக்குமாம், கதைக்கத்தான் ஏலாதாம்! றெக்க முளைச்ச ஊமை!

"இங்க எல்லாம் 5ஜி" எண்டார் மச்சான். பாத்தா, குடை பிடிச்சுக்கொண்டு தோட்டத்துல நிக்கிறார். "வீட்டுக்குள்ள சிக்னல் வராது மச்சான். சுவர் அவ்வளவு தடிப்பு."

நான் சிரிச்சேன். சிரிக்க எனக்கென்ன தகுதி? எங்கட ஊர் கற்பிட்டிக்கு ஒரு சிம், வண்ணாத்திவில்லுக்கு ஒரு சிம். ஒரே மாவட்டத்துக்குள்ள ரோமிங் போற ஆள் நான்!

ஆட்டுக்காரர் ஹமீது நானாட பட்டியில ஒரு கறுப்புக் கெடா நிண்டுச்சு. போன ஸ்பீக்கர்ல போட்டு, கொம்புல இருந்து வால் வரைக்கும் காட்டினேன்.

சத்தமே இல்ல. கோல் கட்டாயிட்டு எண்டு நினைச்சு, விலை கேக்க நானாட பக்கம் திரும்பினேன். போனும் என்னோட திரும்பிச்சு.

அப்பதான் காக்காட குரல் வந்து சேந்துச்சு. "முகம் சரியில்லையே! பல்லப் பாரு, பல்ல! கிழண்டு போச்சு போல!"

ஹமீது நானா டக்கெண்டு வாய மூடிட்டார்.

"நானா, அது ஆட்டச் சொன்னது! சத்தம் சுணங்கி, பிந்தித்தான் வருது!"

"ஆடு அங்க நிக்கிது. போன் என்னயத்தானே பாக்குது?"

பதறிப்போய் போன ஆட்டுப் பக்கம் திருப்பினேன். அந்த நேரம் பாத்து நானாட பொஞ்சாதி பிளேன்டீ கொண்டு குறுக்கால வாறா. லண்டன் மச்சான்ட குரலும் வருது.

"மாஷா அல்லாஹ்! நல்லா கொழுத்து ஈக்கி! தூக்க மூணு பேர் வேணும்!"

பிளேன்டீ வந்த வழியே குசினிக்குப் போயிட்டு.

"ஆடு விக்கிறல்ல. நீங்க போங்க" எண்டார் நானா.

பெருநாளைக்கு ரெண்டு நாள்தான் ஈக்கி. மத்தப் பட்டியெல்லாம் காலி. நான் கெஞ்சினேன். "அவங்க பாக்கிறது முன்ன காட்டின ஆட்ட, நானா. இஞ்ச நெட் ஸ்லோ."

பல்லச் சொன்னதுக்குக் கூட நானாக்கு அவ்வளவு கோவம் வரல்ல!

"எங்கட ஊர் நெட்டக் குறை சொல்லாதீங்க! நான் ரியாத்ல வேலை செஞ்சவன். பாலைவனத்துல ஒட்டகத்துக்குப் பக்கத்துல நிண்டு வீட்டோட கதைச்சவன். அதுக்குப் பிறகு நல்ல நெட் எண்டா இஞ்சதான். கோளாறு துபாய்ல!"

"என்ன? துபாய்லயா?" காக்கா பாய்ஞ்சார். "கோளாறு லண்டன்ல!"

"மழைல நிக்கிறதும் நான், கோளாறும் எனக்கா?" எண்டார் மச்சான்.

ஹமீது நானா போன என்ட கையில இருந்து பறிச்சுக்கொண்டு பட்டியச் சுத்தி நடந்தார். ரியாத்தும் துபாயும் லண்டனும் முட்டிக்கொண்டிச்சு. முட்ட வேண்டிய கெடா சும்மா நிண்டு என்னயப் பாத்துச்சு.

திடீரெண்டு சத்தம் நிண்டுச்சு. என்ட டேட்டா முடிஞ்சு போச்சு.

நானா முகமெல்லாம் சிரிப்பா போன நீட்டினார். "பாத்தீங்களா? ஒங்கட காக்கா வாயடைச்சுப் போனார்!"

"ஓம் நானா" எண்டேன். டேட்டாவப் பத்தி மூச்சு விடல்ல.

வாக்குவாதத்துல வெண்ட சந்தோசத்துல கெடாவ அவரே தூக்கி என்ட த்ரீவீலர்ல ஏத்தினார். பிளேன்டீயும் திரும்பி வந்துச்சு. சீனி மட்டும் வரல்ல.

அனுபவிச்சவன் சொல்றேன்: ஆடு வாங்கப் போறெண்டா பெற்றோல் மட்டும் போடுங்க, டேட்டா போடாதீங்க.