காந்தம் வைத்த தலை

கொட்டகலையிலிருந்து நானுஓயா வரைக்கும் அத்தனை தேயிலைத் தோட்டங்களிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் ‘ஹோய் கண்டாக்கு’ அளவுக்கு அடுத்தவரைக் களைத்துப்போக வைத்த மனிதர் ஒருவர் கிடைக்க மாட்டார். நான் சும்மா சொல்லவில்லை. தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த நான், அவருடைய குவாட்டர்ஸோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு எட்டு வருடம் குடியிருந்தவன்.

கண்டாக்கு என்றால் மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிற உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. கழுத்து வலப்பக்கம் வெட்டும், கண் படபடக்கும், வலது கை மேலே போகும், கூடவே “ஹோய்!” என்று ஒரு சத்தம். சாதாரணமாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. கவலை வந்துவிட்டால் நிமிடத்துக்கு இரண்டு. குடியில்லை, புத்தியிலும் கோளாறில்லை. சிறு வயதிலிருந்தே இருக்கிற நரம்பு வருத்தம், அவ்வளவுதான்.

காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது, அவர் கை போகிற பக்கம் புதிய ஆட்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய பெண்கள்தான் கூடையைப் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள்.

“அடியே நில்லு! அது அய்யா சொல்லல. அய்யாவோட கழுத்து சொல்லுது.”

மெயின் ரோட்டில் இன்னும் மோசம். கை மேலே போனதும் ஹட்டன் பஸ் நின்றுவிடும். கண்டக்டர் “நகின்ன, நகின்ன” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்துவான். இவரும் ஏறிவிடுவார். அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கி நடந்து திரும்புவார்.

“எதுக்குங்க ஏறுறீங்க?” என்று ஒருநாள் அலுத்துப்போய்க் கேட்டேன்.

“கை காட்டுனது நாமதானே கிளாக்கரய்யா. நின்ன பஸ்ஸுல ஏறாட்டி அவனுக்கு என்னா மரியாதை?”

அன்று சீனி வாங்கப் போன மனிதர், மூன்று பஸ் ஏறி இறங்கிவிட்டுச் சீனி இல்லாமல் வந்து சேர்ந்தார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது தோட்டத்து மேனேஜராகப் புதுப் பெரிய தொரை வந்தார். முதல் பெரட்டிலேயே அவர் மூக்குக்கு நேராக ஒரு கை, ஒரு ஹோய். தன்னை நையாண்டி செய்வதாக நினைத்துவிட்டார். எல்லோரும் போய் விளக்கம் சொன்னோம். நரம்பு வருத்தம்தான் என்றால் மூன்று மாதத்தில் குணமாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று கடிதம் வந்தது. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். அவருக்கும் மனைவிக்கும் வேறு கூரை கிடையாது. அன்று சுவருக்கு அந்தப் பக்கம் ஹோய் நிற்கவே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்தார்கள். கயிறு கட்டிய கையும் மேலே போனது. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர் கொழும்பில் ஒரு நரம்பு டொக்டரைச் சொன்னார். தலைமேல் காந்தம் வைத்துப் பார்க்கிறாராம். துணைக்கு யார் போவது? சுவர் பங்காளி நான்தான்.

டொக்டர் யாழ்ப்பாணத்தவர். “பயப்பிடாதேங்கோ. வெட்டிறதும் இல்லை, ஊசியும் இல்லை. கையைக் கழுத்தை ஆட்டுவிக்கிற இடம் மூளையிலை கொஞ்சம் கூடத் துள்ளுது. அதைத் தட்டி அமத்திப் பாக்கிறம். முழுக்க மாறும் எண்டு சொல்லமாட்டன். குறைஞ்சால் சந்தோஷம்” என்றார்.

இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றதும், நம்மாள் பெல்ட்டையும் கழற்றினார். கால்சட்டை இறங்கியது. அதைப் பிடிக்கக் கை கீழே போன நேரம் பார்த்து, வருத்தம் கையை மேலே தூக்கியது. மீதியை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

‘8’ வடிவத்தில் வளைந்த ஒரு சுருளை உச்சந்தலையில் வைத்தார்கள். நொடிக்கு ஒன்றாக டக், டக் என்று தட்டியது. முதல் நாள் ஒவ்வொரு டக்குக்கும் இவர் ஹோய் என்று பதில் கொடுத்தார். தினமும் இதே கச்சேரி. ஏழாம் நாள் நான் நாற்காலியில் நன்றாகத் தூங்கிப்போனேன். விழித்தபோதுதான் புரிந்தது, என்னை எழுப்ப அங்கே சத்தமே இல்லை. இரண்டு வாரம் முடிந்தபோது மணிக்கு ஒரு ஹோய் என்று வந்து நின்றது.

தோட்டத்துக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. காந்தம் வைத்த தலை தராசு முள்ளை இழுக்கும் என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள்.

“அய்யா, தள்ளிப் போங்க. எடை கொறையுது.”

“இல்லடி, தராசுக்குக் கீழ குந்தச் சொல்லு. முள்ளு எறங்கி ரெண்டு கிலோ கூட காட்டும்.”

கேட்டுக்கொண்டார்களே என்று மனிதர் குந்தினாரே, அதை என்னவென்று சொல்வது!

மூன்று மாதத் தவணை முடிந்த நாள். பெரிய தொரையின் அறையில் அவர் கைகட்டி நின்றார். ஃபைலோடு நான் பக்கத்தில் நின்றேன். தொரை குனிந்து டொக்டரின் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. கண்டாக்கின் கண் படபடக்கத் தொடங்கியது. எட்டு வருடப் பழக்கம், அடுத்து என்ன வருமென்று எனக்குத் தெரியும்.

“ஹோய்!”

தொரை நிமிர்வதற்குள், அவருக்குப் பதிலாக என் கை மேலே போயிருந்தது.

“யாரது?”

“நான்தான் சேர்.”

“நீயா?”

“தொத்திக்கிச்சி சேர். எட்டு வருசமா பக்கத்து வீடு.” நம்பிக்கை வரட்டும் என்று இன்னொரு ஹோயும் போட்டேன்.

தொரை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கண்டாக்கு நல்லாயிட்டான். நீயும் போ, அந்த டொக்டர்கிட்ட” என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எதுக்குங்க கிளாக்கரய்யா இப்படிப் பண்ணீங்க? ஒங்க வேலை போயிருந்தா?”

“சும்மா வாங்க. ஒங்க வீட்டுக்கு வேற ஆளு வந்தா அவன் என்னா சத்தம் போடுவானோ. புதுசா ஒன்னப் பழக என்னால ஏலாது.”

அவர் சிரித்தார். கழுத்து வெட்டவில்லை, கண் படபடக்கவில்லை. எட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், அந்த நல்ல முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான்.