ஈகை நாளில் கங்கப்பன் வாங்கிய தொகை

ஆறாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் ஒரு மாநிலத்தின் மனசாட்சியையே தட்டி எழுப்பிய வரலாறு இது. ஓசூர் லேபர் கான்ட்ராக்டர் ராஜசேகர், தம் கூலியாள் கங்கப்பனுக்கு ஐந்து மாதமாகத் தராமல் வைத்திருந்த ஓவர்டைம் பாக்கி அது. தராமல் வைத்திருந்தார் என்பது கொச்சைப் பேச்சு. 'பத்திரமாகப் பாதுகாத்து' வந்தார்.

கங்கப்பனுக்கோ அவசரம். அவருடைய கிணற்று மோட்டார் குந்தாரப்பள்ளி மெக்கானிக்கிடம் கிடந்தது. காசை வைத்தால்தான் மோட்டார். மோட்டார் வந்தால்தான் அரை ஏக்கர் தக்காளிக்குத் தண்ணீர். வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடித்த கையோடு ஆபீசுக்குப் போனார்.

அன்று பார்த்து 'மாநில இணைய ஈகை நாள்'. இருபத்து நாலு மணி நேரத்தில் எந்த அறக்கட்டளைக்கு அதிக நன்கொடை சேருகிறதோ அதற்குக் கேடயம். ராஜசேகரும் ஒன்று வைத்திருந்தார்: 'உழைப்பாளர் கண்ணீர் துடைப்பு அறக்கட்டளை'. துடைக்கத்தான் கண்ணீர் கிடைக்காமல் காலையிலிருந்து திண்டாட்டம்.

"சார், அந்த ஓவர்டைம் காசு..."

ராஜசேகர் துள்ளி எழுந்தார். "மேகலா! இந்த மூஞ்சியப் பாரு! கங்கப்பா, அப்படியே நில்லு, அசையாத!"

ஆபீஸ் பெண் மேகலா செல்போனோடு ஓடிவந்தாள். "அண்ணா, சிரிக்காம இருங்க."

"நான் எப்பம்மா சிரிச்சன்? அஞ்சு மாசமா அலைஞ்சிக்கினு இருக்கறன்."

"சூப்பர்ண்ணா! அதையே இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். சோக வயலின் சேர்க்கப்பட்டது. ராஜசேகர் தாமே பின்னணிக் குரல் கொடுத்தார்: "உழைத்தவனுக்குக் கூலி தராத கல்நெஞ்சர்கள் இன்னும் நம்மிடையே உலவுகிறார்கள்!" சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் தம் கண்ணையே ஒற்றிக்கொண்டார்.

"பேரு சொல்லட்டுங்களா சார்?" என்றார் கங்கப்பன்.

"கூடாதுப்பா. தனிமனிதத் தாக்குதல் போட்டி விதிகளுக்கு முரண்."

சாயங்காலத்துக்குள் நாலு லட்சம் சேர்ந்துவிட்டது. ஆனாலும் தெருநாய்க் காப்பகம் ஒன்று மூவாயிரம் ரூபாய் முந்தி நின்றது. அவர்கள் வீடியோவில் மூன்று கால் நாய் வாலாட்டியது. கங்கப்பனுக்கு வால் இல்லாதது பெரும் பின்னடைவு.

உடனே 'அவசர நிர்வாகக் குழு' கூடியது. ராஜசேகர் தலைமை தாங்க, மேகலா திரளாகக் கலந்துகொண்டாள். தீர்மானம்: நேரலையில் உதவித்தொகை வழங்குதல்.

"எவ்வளவு சார் குடுக்கலாம்?"

"ஆறாயிரத்து இருநூத்தி நாப்பது."

"அதென்ன சார் அப்படி ஒரு கணக்கு?"

"இரக்கத்துல கணக்குப் பாக்கக் கூடாதும்மா."

நேரலையை ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ராஜசேகர் பொன்னாடை போர்த்தி, நன்கொடைப் பணத்திலிருந்து கவரை நீட்டினார். மேகலா ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும் கொடுத்தாள். "அண்ணா, உங்க கையாலயே நன்றின்னு எழுதிக் காட்டுங்க. ஜனங்க உருகிடுவாங்க."

கங்கப்பன் முதலில் கவரைப் பிரித்து, எச்சில் தொட்டு நோட்டை எண்ணினார். சரியாக இருந்தது. பிறகு தரையில் சம்மணமிட்டு, அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். காசு வாங்கினால் வவுச்சரில் எழுதும் வாசகம் ஒன்றுதான் அவர் கைக்குத் தடங்கலில்லாமல் வரும். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கேமரா நெருங்கியது. ஒன்பதாயிரம் பேரும் வாசித்தார்கள்:

'ராஜசேகர் சார் தரவேண்டிய ஐந்து மாத ஓவர்டைம் பாக்கி ரூ. 6,240 பெற்றுக்கொண்டேன். இனி பாக்கி இல்லை. கங்கப்பன்.'

"நன்றி எங்கய்யா?" ராஜசேகர் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார்.

"வவுச்சர்ல அதுக்கு எடம் இல்லீங்களே சார்."

அடுத்த நொடி நேரலை 'தொழில்நுட்பக் காரணங்களால்' நின்றது. கங்கப்பன் பொன்னாடையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டுக் குந்தாரப்பள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ராஜசேகரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அன்று ஊர் பேர் தெரியாத ஜனங்களெல்லாம் தங்கள் பையில் கைவிட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒருவர்தான் அந்த ஜனங்களின் பையில் கைவிட்டுத் தம் கடனை அடைத்துவிட்டு, வாங்கியவனை நன்றியும் எழுதச் சொன்னார்.