பேப்பர் கப்பில் நான் கண்ட சதி

எனக்குச் சந்தேகம் ஒரு வியாதி. பழக்கடைக்காரர் சிரித்துப் பேசினாலே என் கண் தராசுக்குப் போய்விடும். தொழிலும் அதற்குத் தோதாக அமைந்தது. ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் நான். திரையில் ஒரு கட்டம் தப்பினால் புடவை முழுக்க மயில்களுக்கு மூக்கு இருக்காது. அதனால் எதைப் பார்த்தாலும் தப்பு எங்கே என்றுதான் தேடுவேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, சேர இருந்த இரண்டு சபைகளை ஒருநாள் சாயங்காலம் நான் கிட்டத்தட்டப் பிரித்தே விட்டேன். அன்றைக்கு விசுவாசத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இயக்கத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அதுவே ஒரு பிரிவாகிவிடும், வெறும் கிறிஸ்தவர்கள் என்று இருந்தால் எல்லாரும் ஒன்றாகிவிடலாம் என்று முன்னோர்கள் முடிவு செய்தார்கள். நல்ல யோசனைதான். பெயரே வைக்காமல் இரண்டாகப் பிரிந்தோம். அப்பம் பிட்டுத் திராட்சரசம் குடிக்கிற திருவிருந்தில்தான் சண்டை வந்தது. ஆண்டவர் ஒரே பாத்திரத்தைத்தான் கொடுத்தார், ஆகவே சபை முழுக்க ஒரே பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. ஆளுக்கொரு குட்டிக் கிண்ணத்தில் ஊற்றித் தட்டில் வைத்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும் என்பது அந்தக் கட்சி. (கொரோனா சமயத்தில் அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.)

ஆரணியில் எங்கள் சபையை நடத்துகிற மூப்பர் என் அப்பா. முள்ளிப்பட்டில் அந்தச் சபைக்கு மூப்பர், அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, அதாவது என் சித்தப்பா. கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள். திருவிருந்தில் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "நான் சாவறதுக்குள்ள தம்பி கூட ஒரு தபா குந்தி அப்பம் பிட்டுடணும்டா சாமு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் வேலூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். ரிட்டயரான டீச்சர். எங்கள் இயக்கம் எப்படித் தொடங்கியது, யார் யார் நடத்தினார்கள் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருந்தார். மாதம் ஒரு அத்தியாயம் இரண்டு சபைக்காரர்களும் சேர்ந்து படித்துப் பேசலாம் என்றார். "யாரு பிரிஞ்சி போனாங்கன்னு அப்புறம் பேசிக்கலாம். யாரோட சேர்ந்து ஆரம்பிச்சோம், அத மொதல்ல படிப்போம்" என்றார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எல்லாருக்கும் ஒரு விஷயம் பிடித்துவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது.

புத்தகத்தின் அட்டை நீலம். முள்ளிப்பட்டுச் சபையின் போர்டும் நீலம். வண்டியை எடுத்துக்கொண்டு போய் அட்டையைப் போர்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். அதே நீலம் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட அதே நீலம். ஆகவே திட்டமிட்டுத்தான் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். உள்ளே இருந்த போட்டோக்களையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். அந்தக் கட்சிப் பெரியவரின் மீசை, எங்கள் கட்சிப் பெரியவரின் மீசையைவிட அகலமாக அச்சாகியிருந்தது.

என் மனைவி எஸ்தர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒத்துமை ஆச்சுன்னா அவங்க இன்னா, நம்ம ஊட்டு பிரிட்ஜ தூக்கிகினு பூடுவாங்களா?"

"உனக்குத் தெரியாது. மொதல்ல புக்கு குடுப்பாங்க. அப்புறம் சபையையே எடுத்துப்பாங்க."

"நம்ம சபையில ஓட்டை ஃபேனைத் தவிர எடுக்க இன்னா கீது?" என்று கேட்டுவிட்டு அவள் வெங்காயத்துக்கே திரும்பிவிட்டாள்.

கூட்டம் எங்கள் சபையிலும் வேண்டாம், அவர்கள் சபையிலும் வேண்டாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரின் மாடியைப் பிடித்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அறுபது வயதுப் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெஞ்சுக்கு இந்தப் பக்கத்தார் ஒருவர், அந்தப் பக்கத்தார் ஒருவர். என் பக்கத்தில் உட்கார்ந்த முள்ளிப்பட்டு அண்ணன் ஒவ்வொரு மாதமும் எனக்குக் கடலை மிட்டாய் கொடுப்பார். நான் ஒருமுறைகூட வாங்கவில்லை. மிட்டாய் கொடுத்து ஆள் சேர்க்கிற வேலை என்னிடம் நடக்காது.

கடைசி அத்தியாயம் படித்த நாள். அக்கா புத்தகத்தை மூடிவிட்டு, "அடுத்த மாசம் ரெண்டு சபையும் ஒண்ணா அப்பம் பிட்கலாமா? பெரியவங்க ரெண்டு பேருந்தான் சொல்லணும்" என்றார். அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். எதிர் வரிசையில் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி டீ கொண்டுவந்தார். ஒரு தட்டு. அதில் வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிப் பேப்பர் கப். தட்டை முதல் பெஞ்சில் கொடுத்து, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு பின்னால் அனுப்பச் சொன்னார். அச்சு அசலாக அவர்கள் சபையில் திருவிருந்து கொடுக்கிற மாதிரியே! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்றைக்கு டீயில் பழக்குவார்கள், அடுத்த மாதம் திராட்சரசத்தில் முடிப்பார்கள்.

"நிறுத்துங்க!" என்று எழுந்தேன். (எழுந்த வேகத்தில் முழங்கால் பெஞ்சில் இடித்தது. வலியில் குரல் இன்னும் வீரமாக வந்தது.) "அப்பா, அதத் தொடாதீங்க! குட்டிக் கப்பு, தட்டு, வரிசை... இது டீ இல்ல, ஒத்திகை! நாம ஒரே பாத்திரத்துக்காரங்க. இத நான் ஒத்துக்க மாட்டேன்!"

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டீ குடுத்தாகூட சந்தேகமா? போதும்பா" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் முள்ளிப்பட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பா நின்றபடியே இருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் வாயில் இருந்த பதிலை நான் அல்லவா பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியே மாடியிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

சித்திதான் பேசினார். "ஏண்டா சாமு, பஸ் ஸ்டாண்டுல தம்மாத்தூண்டு கப்புல டீ குடிக்கறியே, அங்க எங்கடா பூடுச்சு உன் உபதேசம்?"

"அங்க தட்டுல வெச்சி வரிசையா குடுக்கல" என்றேன். (வாதத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.)

"உனுக்கு ஒரே பாத்திரந்தானே ஓணும்? இரு." தண்ணீர்ப் பானை மேலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்தார். கேனில் கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை விளிம்பு வரைக்கும் ஊற்றினார். "இந்தா. மொதல்ல நீ குடி. ஜல்தி."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கொள்கை என்று வந்துவிட்டால் சூடு பார்க்க முடியுமா? வாங்கினேன். விரல் பொசுங்கியது. கீழே வைக்க மானம் விடவில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். வாய்க்குள் போனது ஒரு சொட்டு, சிந்தியதெல்லாம் கழுத்து, நெஞ்சு, வெள்ளைச் சட்டை, மேஜை மேலிருந்த நீல அட்டைப் புத்தகம். "ஆண்டவரே!" என்று கத்தினேன். அத்தனை மாதக் கூட்டங்களில் நான் செய்த ஒரே உண்மையான ஜெபம் அது. கடலை மிட்டாய் அண்ணன் தன் துண்டால் என் நெஞ்சில் விசிறோ விசிறென்று விசிறினார்.

முதலில் சிரித்தது சித்தப்பா. படிக்கட்டில் கால் வைத்தவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் மாடியே சிரித்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று யாரும் பார்க்கவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சொம்பில் மிச்சம் இருந்த டீயைத் துண்டால் பிடித்துத் தூக்கி, ஊதி, சொம்பிலேயே வாய் வைத்து ஒரு மடக்கு குடித்தார். அப்படியே நடந்துபோய்த் தம்பியிடம் நீட்டினார். சித்தப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் வாங்கி, அண்ணன் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தார்.

"சக்கரையே இல்ல" என்றார் சித்தப்பா.

"உங்க அண்ணனுக்கு சுகருன்னு நாந்தான் போடல" என்றார் சித்தி.

அப்பா அக்காவைப் பார்த்து, "அடுத்த மாசம் வெச்சிக்கலாம்மா" என்றார்.

அடுத்த மாதம் அதே மாடியில், மேஜை மேல் ஒரு பெரிய பாத்திரமும் இருந்தது, குட்டிக் கிண்ணங்கள் வைத்த தட்டும் இருந்தது. அப்பா குட்டிக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். சித்தப்பாவோ பெரிய பாத்திரத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். டீ பட்ட இடம் எரிகிறது என்று எஸ்தரிடம் சொன்னேன். அது ஆறி ரொம்ப நாளாகியிருந்தது. அவளும் நம்பவில்லை.

இன்னமும் நாங்கள் இரண்டு சபைதான். ஆனால் முள்ளிப்பட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களுக்கு டம்ளரிலும் எனக்குச் சொம்பிலும் டீ வருகிறது. சித்தி வீட்டுக்குப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். சொம்பை என் முன்னால் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "ஊதிக் குடிடா சாமு, உபதேசம் சூடா கீது."